துண்டு வீட்டுக்கு வந்த கதை

துண்டு என்பவன் குப்பை கொட்ட வெளியே வந்தவன். குளித்து முடித்து, இடுப்பில் ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டு, எட்டிப் போட்டுவிட்டு வரும் வேலைதானே என்று கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினான். பின்னால் கதவு டொக்கென்று சாத்திக்கொண்டது. சாவி உள்ளே. அன்றைக்கு வெளியே நின்றவன்தான். நான்கு பாகம் முடிந்தும் வெளியேதான் நிற்கிறான். உள்ளே போக வழி தேடிக் கப்பலில் ஏறினான், தெரியாத்தனமாக ஒரு நாட்டுக்கு ராஜாவானான், நிலாவுக்குப் போய் ஏணி இரவல் கேட்டான். இத்தனைக்கும் நடுவில் துண்டு மட்டும் அவிழவில்லை. அந்த அளவுக்கு அது கண்ணியமான கம்ப்யூட்டர் விளையாட்டு.

சுடுவது, வெட்டுவது, கார் ஓட்டுவது எதுவும் அதில் கிடையாது. கம்ப்யூட்டரோ போனோ, திரையில் ஓர் இடம் தெரியும். கண்ணில் பட்டதை எல்லாம் சொடுக்கிப் பார்க்கலாம், கையில் கிடைத்ததை எல்லாம் பையில் போடலாம். துண்டு கட்டியவனுக்குப் பை ஏது என்று கேட்கக்கூடாது. பிறகு இதை அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியதுதான்: வாளியை வாத்தோடு, வாத்தைப் பாதிரியாரோடு, பாதிரியாரை ஏணியோடு. பொருந்தினால் கதை நகரும். பொருந்தாவிட்டால் துண்டு நம் பக்கம் திரும்பி, அலுத்துப்போன குரலில் சொல்வான்: "அது வேலைக்கு ஆகாதுப்பா."

ஜனங்கள் அந்தக் குரலைக் கேட்பதற்காகவே வேண்டுமென்றே தப்பாகச் சேர்த்தார்கள். வீட்டில் பிள்ளைகள் அம்மாவிடம் அதே மாதிரி பேசி உதை வாங்கினார்கள்.

தையல் கடை ஒன்றின் மாடியில், இரவல் அறையில், மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்த விளையாட்டு இது. வசனம் முழுக்க எழுதியவள் ஒருத்தி. வசனக்காரி என்றால்தான் அவளை யாருக்கும் தெரியும். துண்டுக்குக் குரல் கொடுத்தவன் அவளுடைய சொந்த அண்ணன். படம் வரைந்தவன் அண்ணனின் சிநேகிதன், ஆள் ஒல்லி என்பதால் கோடு என்று பெயர். குரல் பதியும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். மூன்று பேருக்கும் வேர்த்துக் கொட்டும். கீழே தையல் மிஷின் ஓடாத இடைவெளி பார்த்து அண்ணன் ஒவ்வொரு வசனமாகப் பேசுவான். யாராவது சிரித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. மூன்று பேரும் சிரித்துவிட்டால் அந்த வசனம் பாஸ். ஒப்புதல் முறை அவ்வளவுதான்.

விளையாட்டு ஓடியது. அறை கட்டடமானது, கட்டடம் கண்ணாடியானது. கோடு இப்போது நிறுவனத்தின் தலைவர். ஒல்லியாகவும் இல்லை, கோடும் போடுவதில்லை. சிரிப்பைத் தற்செயலுக்கு விட்டுவிடக்கூடாது என்று அவர் ஒரு நாள் முடிவு செய்து, நகைச்சுவை ஒப்புதல் பிரிவு என்று ஒன்றைத் திறந்தார். அதில் இருபது பேர் இருக்கிறார்கள். சிரிக்கிற ஆள் ஒருத்தரும் இல்லை. வேலைக்கு எடுக்கும்போதே அதைப் பார்த்துத்தான் எடுத்தார்களாம், பாரபட்சம் வந்துவிடக்கூடாதே.

விதி எளிது. ஒப்புதல் கிடைத்த வசனத்துக்குப் பக்கத்தில் கணினியில் ஒரு பச்சைப் புள்ளி விழும். பச்சைப் புள்ளி இல்லாத வசனத்துக்கு ஒலிப்பதிவு அறையின் கதவு திறக்காது. நிஜமாகவே திறக்காது, பூட்டைக் கணினியோடு இணைத்துவிட்டார்கள்.

ஐந்தாவது பாகம்தான் கடைசி. கடைசிக் காட்சியில், உள்ளே இருப்பதாக நினைத்த சாவி இத்தனை காலமும் துண்டின் முடிச்சில்தான் இருந்திருக்கிறது என்று தெரியவரும். திறப்பான், உள்ளே போவான், ஒரே ஒரு வசனம் பேசுவான், எல்லாம் முடிந்துவிடும். வசனக்காரி அந்த இடத்தில் எழுதியிருந்தது ஒரே ஒரு சொல்.

"வந்துட்டேன்."

மற்ற எல்லா வசனத்தையும் அண்ணன் பேசி முடித்துவிட்டான். 'வேலைக்கு ஆகாது' மட்டுமே தூக்கக் கலக்கத்தில், அழுதுகொண்டு, வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு என்று வகை வகையாகப் பேசிவைத்திருந்தான். பாக்கி இந்த ஒன்றுதான். அந்தச் சமயத்தில்தான் ரொம்ப நாளாகத் தொண்டை கரகரக்கிறதே என்று டாக்டரிடம் போனான். போனவனை அவர் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, குரல்வளையையே எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்றார். அடுத்த மாதத்தில் ஒரு நாள் குறித்தார்கள்.

அண்ணன் அதை வீட்டில் சொன்ன விதமே வேறு. "ஏய் வசனம், சீக்கிரம் அந்தக் கடைசியை வாங்கிட்டு வா. கடை மூடப் போறாங்க," என்றான். அண்ணி அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டாள். ஒரு சொல்தானே, நாளைக்கே வாங்கிவிடுகிறேன் என்றாள் வசனக்காரி.

ஒப்புதல் அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த ஒரு சொல்லை வெகுநேரம் படித்தார்.

"இதுல ஜோக் எங்கே இருக்கு?"

"இதுல ஜோக் இல்லீங்க. நாலு பாகமா வெளியே நின்னவன் வீட்டுக்குள்ள வர்றான். அதனால வந்துட்டேன்னு சொல்றான்."

"யார்கிட்ட சொல்றான்?"

"வீட்டுக்கிட்டதான்."

"வீட்டுல ஆள் இருக்காங்களா?"

"அதை நாம காட்டலீங்க."

"அப்ப யார் சிரிப்பாங்க? வீடு சிரிக்குமா?"

வசனக்காரி தன் அண்ணன் நிலைமையைச் சொன்னாள். அதிகாரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கல்மனசுக்காரர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. அவர் கண்கூடக் கொஞ்சம் கலங்கியது.

"ரொம்ப வருத்தமான விஷயம். ஆனா பாருங்க, வருத்தம் எங்க பிரிவுல வராது. சிரிப்பு அறைக்கு அனுப்பிடுறேன். ஆறு பேர் சிரிச்சா பச்சை விழுந்துடும்."

சிரிப்பு அறை என்பது ஜன்னலில்லாத ஓர் அறை. பக்கத்துப் பிரிவுகளிலிருந்து பன்னிரண்டு பேரைப் பிடித்துவந்து உட்காரவைத்து, நெஞ்சில் ஒரு கருவியை மாட்டி, வசனத்தைப் படித்துக் காட்டுவார்கள். குலுங்கினால் கருவிக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அறையில் நாற்காலி இல்லை. நாற்காலிகள் வசதியானவையா என்று ஒப்புதலுக்குப் போயிருந்தன. உங்கள் பிரிவிலிருந்து கொண்டுவாருங்கள் என்றார்கள். நாற்காலியை லிஃப்டில் ஏற்றக் காவலாளியின் சீட்டு வேண்டும். காவலாளி, "என் ஃபேன் சுத்தலைம்மா, அதைக் கேட்க மூணு மாசமா ஆளில்லை. அதைப் பாருங்க, சீட்டு தர்றேன்," என்றார். ஃபேனின் திருகை முடுக்க ஸ்குரூ டிரைவர் வேண்டும். அது பராமரிப்புப் பிரிவில் பூட்டியிருந்த அலமாரியில் இருந்தது. சாவிக்காரர் சாப்பிடப் போயிருந்தார். வசனக்காரி கடைசியில் தன் கம்மலின் திருகாணியைத் தட்டையாகப் பிடித்து ஃபேன் திருகை முடுக்கி, சீட்டை வாங்கி, பன்னிரண்டு நாற்காலியை ஏற்றினாள். இதே மாதிரி ஒரு புதிரை அவள் விளையாட்டில் எழுதியிருந்தால், இவ்வளவு அபத்தத்தை யாரும் நம்ப மாட்டார்கள் என்று அண்ணனே அதை அடித்து நீக்கியிருப்பான்.

பன்னிரண்டு பேர் உட்கார்ந்தார்கள். ஒருவர் எழுந்து நின்று, செய்தி வாசிப்பது போல, "வந்துவிட்டேன்," என்றார்.

"அப்படி இல்லீங்க. வந்துட்டேன்."

"பேச்சு வழக்குல படிச்சா அது நடிப்பாயிடும். எழுத்தைத்தான் சோதிக்கிறோம்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. மறுபடி படித்தார். மறுபடியும். சம்பளப் பிரிவிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "யார் வந்தாங்க?" என்று பக்கத்தில் கேட்டார். அவருடைய நாற்காலி அந்த நிமிஷம் கால் முறிந்து சாய்ந்தது; பதினோரு பேர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். வசனக்காரி அதிகாரியைப் பார்த்தாள். அவர் கருவியைப் பார்த்தார்.

"இந்தச் சிரிப்பு நாற்காலியோடது," என்றார். "வசனத்துக்கு எழுத முடியாது."

நாட்கள் போயின. அண்ணனின் குரல் காலையில் வருவதற்கு நேரமெடுக்க ஆரம்பித்தது. வெந்நீர் குடித்துவிட்டு, செருமிச் செருமி, அடைத்த குழாயில் தண்ணீர் வருவது போல விட்டு விட்டு வரும். அப்போதும் வாய் சும்மா இருக்காது. "என்ன வசனம், பச்சை விழுந்துச்சா? இல்ல, நான்தான் விழணுமா?" என்பான். அவளுக்கு அழுகை முட்டும். "உன் வாயில அடிக்க," என்று எழுந்து போய்விடுவாள்.

சிரிப்பில் தோற்ற வசனத்துக்கு மேல்முறையீடு உண்டு. அதற்கு விளம்பரப் பிரிவும் சட்டப் பிரிவும் ஆளுக்கொரு கருத்துச் சொல்ல வேண்டும். விளம்பரத் தலைவி நல்ல சுறுசுறுப்பான பெண்மணி. வசனத்தைப் படித்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"வந்துட்டேன்னா முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம் வருதே."

"முடிஞ்சுதாங்க போகுது. கடைசிப் பாகம்னு நீங்களே ஊர் முழுக்கப் போஸ்டர் ஒட்டியிருக்கீங்க."

"கடைசிப் பாகம்னு சொன்னோம். முடியுதுன்னு சொன்னோமா? 'போயிட்டு வரேன்'னு மாத்துங்க. சூப்பரா இருக்கும்."

"அவன் வீட்டுக்குள்ள வர்றான் மேடம். உள்ளே வர்றவன் எப்படிப் போயிட்டு வரேன்னு சொல்லுவான்?"

"உள்ளே போறான்ல? போயிட்டு வரட்டும்."

சட்டக்காரர் ரொம்ப நிதானம். எந்தச் சொல்லையும் நுனி விரலால் தொடுகிற மாதிரிதான் தொடுவார். 'வந்துட்டேன்' என்பது ஓர் உறுதிமொழி என்றார். விளையாடுகிறவர் அதை நம்பி, வந்தாகிவிட்டது என்று நினைத்து, பிறகு வரவில்லை என்று தெரிந்தால் நிறுவனம்தான் பதில் சொல்ல வேண்டும். "வந்துட்டதா கருதுறேன்" என்று இருந்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை.

"வீட்டுக்குள்ள நுழைஞ்சு யாராவது அப்படிச் சொல்லுவாங்களா சார்? நீங்க சாயங்காலம் வீட்டுக்குப் போய் என்ன சொல்லுவீங்க?"

சட்டக்காரர் யோசித்தார். "நான் எதுவும் சொல்றதில்லை," என்றார்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரம் வசனக்காரி தலைவர் அறைக்கே போனாள். பழைய பழக்கத்தில் "கோடு" என்று வாய்வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு சார் என்றாள். அவர் அவளை உட்காரச் சொன்னார், அண்ணனைப் பற்றி விசாரித்தார். பிறகு பேச ஆரம்பித்தார். மேடையில் பேசிப் பேசி அவருக்குத் தனியாகப் பேசும் குரலே மறந்துபோயிருந்தது.

"நாம தையல் கடை மாடியில சிரிச்சதெல்லாம் என்ன தெரியுமா? விபத்து. நமக்கு அதிர்ஷ்டம், ஜனங்களும் சிரிச்சாங்க. ஆனா இவ்வளவு பெரிய நிறுவனம் விபத்தை நம்பி நிக்க முடியுமா? சிரிப்புங்கிறது ஒரு நடைமுறை. அந்த நடைமுறையைக் கொண்டுவந்த பிறகு நம்ம விளையாட்டுல ஒரு தப்பான ஜோக்கூட வந்ததில்லை."

"சரியான ஜோக்கும் வரலைங்களே."

அது அவர் காதில் விழவில்லை. "உங்க அண்ணன் நம்ம குடும்பம். அவனுக்காக ஒரு தடவை விதியை வளைச்சிடலாம், எனக்கு ஒண்ணுமில்லை. ஆனா குடும்பத்துல ஒருத்தனுக்கு வளைச்சா, மத்தவங்க நாங்க குடும்பமில்லையான்னு கேப்பாங்க. அதனாலதான் குடும்பத்துல யாருக்குமே எதுவும் செய்யறதில்லைன்னு வெச்சிருக்கேன்." அவர் நேர்மை அவரையே உருக்கிவிட்டது. மேஜையில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, திடீரென்று முகம் மலர்ந்து கேட்டார்:

"ஏன், அந்த ஆபரேஷனை அடுத்த காலாண்டுக்குத் தள்ள முடியாதா?"

வசனக்காரி எழுந்து வந்துவிட்டாள். வாயில் நல்ல நல்ல வார்த்தையாக வந்தது. ஒன்றுக்கும் ஒப்புதல் இல்லை.

ஒலிப்பதிவு அறைக்காரரிடம் போய்க் கெஞ்சினாள். அவர் கதவைத் தள்ளியே காட்டினார். "நான் திறக்க மாட்டேன்னா சொல்றேன்? அது திறக்காதும்மா. நீங்க வீட்டிலேயே பதிஞ்சு கொண்டாங்க. சத்தத்தை நான் சுத்தம் பண்ணித் தர்றேன்."

வீட்டில் பதிந்தார்கள். அலுவலகம் அவளுக்குக் கொடுத்திருந்த போனில்தான் ஒலிவாங்கி நன்றாக இருந்தது. அதைக் கூடத்து அலமாரியின் மேல் சாய்த்துவைத்தாள். அண்ணன் உட்கார்ந்து பேச மாட்டேன் என்றான். தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. படியில் இறங்கிவிட்டானோ என்று அவள் பயந்தாள். அப்புறம் செருப்புச் சத்தம் கேட்டது, கதவு திறந்தது, அவன் உள்ளே ஒரு கால் வைத்து, மூச்சை விட்டான்.

"வந்துட்டேன்."

கரகரத்த குரல்தான். ஆனால் நான்கு பாகம் வெளியே நின்ற அலுப்பு, இனி எங்கேயும் போக வேண்டாம் என்கிற நிம்மதி, வீட்டைப் பார்த்த கூச்சம் எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தது. அடுப்படியில் இருந்த அண்ணிக்கு இந்தப் பதிவு விவகாரமே ஞாபகமில்லை. அவள் பாட்டுக்குத் தினமும் சொல்கிற மாதிரி அங்கிருந்தே சொன்னாள்: "கை காலைக் கழுவிட்டு வாங்க."

அண்ணன் சிரித்தான். வசனக்காரியும் சிரித்தாள். அண்ணி கரண்டியோடு வெளியே வந்து பார்த்து, "ஐயையோ," என்று வாயைப் பொத்தி, அவளும் சிரித்தாள். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். வசனம் பாஸ்.

"இன்னொரு தடவை எடுக்கலாமா அண்ணா?"

"வேண்டாம் வசனம். இதுக்கு மேல எனக்கு வராது," என்றான்.

குறித்த நாளில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார்கள்.

மறுநாள் காலையில் பச்சைப் புள்ளி விழுந்தது. ஆமாம், மறுநாள். மேல்முறையீட்டுக் குழு கூடி, விளம்பரக் கருத்தும் சட்டக் கருத்தும் ஒன்றையொன்று மறுப்பதால் இரண்டையும் தள்ளிவிட்டு, மூல வசனத்தையே ஏகமனதாக ஏற்றுக்கொண்டதாம். ஒப்புதல் பிரிவில் கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் 'வந்துட்டேன்' என்று க்ரீமில் எழுதியிருந்தது. வெட்டும்போது 'வந்து' ஒரு பக்கமும் மீதி ஒரு பக்கமும் போயிற்று. அதிகாரி அவளுக்கென்று ஒரு துண்டு எடுத்துவைத்திருந்தார்.

"அண்ணனை உடனே அழைச்சுட்டு வாங்க. ஸ்டூடியோ கதவு திறந்தே இருக்கு," என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அவனுக்குக் குரலை எடுத்துட்டாங்க சார். நேத்து."

"ஆனா ஒப்புதல் வந்துடுச்சே," என்றார் அதிகாரி.

அவள் போனை எடுத்து மேஜையில் வைத்தாள். எல்லோரும் கூடிக் கேட்டார்கள். வந்துட்டேன். கை காலைக் கழுவிட்டு வாங்க. ஒப்புதல் பிரிவில் யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். சட்டக்காரர் மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"இது எப்ப பதிஞ்சது?"

"போன வாரம்."

"ஒப்புதல் இன்னிக்கு வந்தது. ஒப்புதலுக்கு முன்னாடி பேசின பேச்சு செல்லாது. அப்புறம், அந்த ரெண்டாவது குரல் யாரு?"

"என் அண்ணி."

"அவங்களுக்கு ஒப்பந்தம் இருக்கா? 'கை காலைக் கழுவிட்டு வாங்க'ங்கிறது ஒப்புதல் வாங்கின வசனமா?"

"அது வசனம் இல்லைங்க. அவங்க தினமும் சொல்றது."

"அப்ப தினமும் ஒப்புதல் இல்லாம சொல்லிட்டிருக்காங்க," என்று சட்டக்காரர் வருத்தப்பட்டார். பிறகு மெல்லக் கேட்டார்: "சரி, இது துண்டோட குரலா, உங்க அண்ணன் குரலா?"

"ரெண்டும் ஒண்ணுதானே!"

அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். துண்டின் குரலில் வரும் எதுவும் நிறுவனத்தின் சொத்து. ஒப்புதல் இல்லாத சொத்து வெளியே உலவக்கூடாது. போனும் அலுவலகத்துடையது. அவள் மேஜை மேல் கை நீட்டுவதற்குள் யாரோ அதை எடுத்து, மூன்று தடவை அழுத்திப் பதிவை அழித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி அலைச்சலில் ஒலிப்பதிவு அறைக்காரரிடம்கூட அவள் அதைக் கொடுத்திருக்கவில்லை; வேறெங்கும் நகலெடுத்துவைக்க வேண்டும் என்று அவளுக்கு அதுவரை மண்டையில் உறைக்கவில்லை. நல்லவர்களிடம்தானே கொண்டுபோகிறோம் என்றிருந்தாள். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் போனைத் திறந்து திறந்து பார்த்தாள், தன்னையே திட்டிக்கொண்டாள், நடுத்தெருவில் நின்று அழுதாள்.

அண்ணனிடம் சொன்னபோது, கழுத்தில் கட்டோடு படுத்திருந்தவன் அவள் தலையில் மெல்ல ஒரு குட்டு வைத்தான்.

பச்சைப் புள்ளி விழுந்த வசனத்தை யாராவது பேசியாக வேண்டுமே. தலைவரே முன்வந்து பேசினார். விதி எல்லோருக்கும் பொது என்பதால் அவருடைய குரலும் ஒப்புதலுக்குப் போனது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதற்குள் வெளியீட்டு நாள் வந்துவிட்டது. கடைசிக் காட்சியில் அந்த வசனத்தின் இடம் காலியாகவே போயிற்று. அதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. ஒப்புதல் பெற்றதைச் சோதிக்கத் தேவையில்லை என்பது விதி. கடைசிவரை விளையாடிப் பார்த்தவர் அந்தக் கட்டடத்தில் யாருமே இல்லை.

ஆனால் அந்த விளையாட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. தையல் கடை மாடியிலேயே கற்றுக்கொடுத்தது. பேச வேண்டிய இடத்தில் பேச ஒன்றும் இல்லையென்றால், கையில் எப்போதும் இருக்கும் அந்தப் பழைய வசனத்தை எடுத்துப் போட்டுவிடும். ஆகவே ஊர் முழுக்க, நாடு முழுக்க, அத்தனை ஜனங்களும் துண்டின் முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்தார்கள், கதவில் போட்டார்கள், கதவு திறந்தது, துண்டு தன் சொந்த வீட்டுக்குள் கால் வைத்தான், நம் பக்கம் திரும்பினான்.

"அது வேலைக்கு ஆகாதுப்பா."

திரை இருண்டது.

நிறுவனம் ஒரு நாள் முழுக்க நடுங்கியது. மறுநாள் விமர்சனங்கள் வந்தன. வீடு என்பதே ஒரு மாயை என்பதை ஒரே வரியில் சொன்ன முடிவு என்றார் ஒருவர். இதைக் கேட்டுவிட்டு மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை என்றார் இன்னொருவர். நடுக்கம் நின்றது. ஒரு பெரிய அரங்கத்தில் விருது கொடுத்தார்கள். மேடையில் தலைவர் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பேசினார்:

"அந்தக் கடைசி வசனம் தற்செயலா வந்ததுன்னு நினைக்காதீங்க. எங்க நிறுவனத்துல ஒவ்வொரு பிரிவும் மாசக்கணக்கா உழைச்சாத்தான் இப்படி ஒரு முடிவு கிடைக்கும். ஒருத்தர் மட்டும் எழுதியிருந்தா இது வந்திருக்காது. ஒருத்தர் மட்டும் பேசியிருந்தாலும் வந்திருக்காது. இது எங்க எல்லாரோட கைவண்ணம்!"

கை தட்டல் ஓயவில்லை. இரண்டாவது வரிசையில் இருந்த ஒப்புதல் அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் பொய் சொல்கிறார் என்று யாரும் சொல்ல முடியாது. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

வசனக்காரி அந்த விழாவுக்குப் போகவில்லை. அண்ணன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணி அடுப்படியில் இருந்தாள். அண்ணன் நடந்துவிட்டு வரப் போயிருந்தான். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். காற்றுக்கு அடித்துக்கொள்கிற கதவு என்பதால் அண்ணி உள்ளே தாழ் போட்டிருந்தாள்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"யாரு?" என்றாள் அண்ணி, உள்ளேயிருந்தே.

பதில் இல்லை. அண்ணியின் கையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. இத்தனை வருஷமாக யாரு என்று கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். கேட்டபிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அடுப்படி வாசலுக்கு வந்தாள். வசனக்காரியும் மடித்த துணியோடு கதவைப் பார்த்தாள். வெளியே ஏதோ தடவுகிற, தட்டுகிற சத்தம். அண்ணன் சட்டைப் பையைத் துழாவுகிறான் போல. அவன் தன் சொந்தப் போனில் அந்த விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தான்.

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கரகரப்பு இல்லாமல், தையல் கடை மாடியில் பேசிய அதே பழைய குரல் வந்தது.

"அது வேலைக்கு ஆகாதுப்பா."

அண்ணி கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு போய்த் தாழை எடுத்தாள்.

"கை காலைக் கழுவிட்டு வாங்க," என்றாள்.